தானாகப் பொங்கும் கிணறு: ஆர்ட்டீசியன் நீருக்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஒரு மணற்கல் அடுக்கு இருக்கிறது. அது முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சும்மா தேங்கிக் கிடக்கவில்லை. தனக்கு மேலே உள்ள நிலக்கரியை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்த அழுத்தத்தை இறக்காமல் சுரங்கம் வெட்டினால் தரை பிளந்து குழி நிரம்பிவிடும். அதனால் நெய்வேலியில் நிலக்கரியை வெட்டுவதற்கு முன்பே அடித் தண்ணீரை இறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சுரங்கம் இயங்கும் காலம் முழுக்க அந்த மோட்டார்கள் இரவு பகலாக ஓடுகின்றன.

அங்கே நிலக்கரி இருப்பது தெரியவந்ததும் இதே தண்ணீரால்தான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது, பொங்கிவந்த தண்ணீரோடு கறுப்பாக ஒரு பொருளும் வெளியே வந்தது.

இப்படி அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நிலத்தடி நீரைத்தான் ஆர்ட்டீசியன் நீர் என்கிறோம். மோட்டாரும் மின்சாரமும் இல்லாமல் அது ஏன் மேலே வருகிறது? பூமிக்கடியில் ஓடும் நதி, சூட்டில் கொதித்து எழும் நீர் என்று பலவிதமாகச் சொல்வார்கள். காரணம் இவை எதுவுமில்லை. எங்கோ தொலைவில், உங்கள் தரையைவிட உயரமான இடத்தில் அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த உயர வித்தியாசம்தான் அழுத்தம்.

மூடியில்லாத நீர், மூடிய நீர்

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, முதலில் எதிர்ப்படும் இறுகிய அடுக்கின்மேல் தேங்குகிறது. அதற்கு மூடி கிடையாது. மண்ணின் துளைகள் வழியாகக் காற்று அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஊரில் உள்ள திறந்த கிணறுகளில் நாம் பார்ப்பது இந்தத் தண்ணீரைத்தான். வெட்டும்போது 8 மீட்டரில் தண்ணீர் தட்டினால், வெட்டி முடித்த பிறகும் கிணற்றில் ஏறத்தாழ 8 மீட்டரில்தான் நிற்கும்.

மூடிய நீர் வேறு மாதிரி. தண்ணீரைத் தனக்குள் வைத்திருந்து நகரவிடும் அடுக்கு ஒன்று வேண்டும்: மணல், சரளை, மணற்கல், வெடிப்போடிய சுண்ணாம்புக்கல் போல ஏதாவது. இதை நீர்த்தாங்கி என்கிறோம். அதற்கு மேலேயும் கீழேயும் தண்ணீரை எளிதில் விடாத களிமண்ணோ சேற்றுப்பாறையோ இருக்க வேண்டும். இந்த மூன்று அடுக்கும் சரிவாகப் படுத்திருக்க வேண்டும். மேட்டுப் பக்கம் நீர்த்தாங்கியின் ஒரு முனை தரையில் வெளிப்பட்டிருக்க வேண்டும். மழை அந்த முனை வழியாக உள்ளே போகிறது. சரிவில் இறங்கி, களிமண் மூடிக்கு அடியில் புகுந்த பிறகு அதற்கு மேலே வர வழியில்லை. பின்னால் மேட்டில் நிற்கும் தண்ணீரின் எடை முழுக்க அதன்மேல் இருக்கிறது.

மாடியில் தொட்டி, கீழே மூடிய குழாய் என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் நீர் பீறிடும். ஆனால் அந்தக் குழாய் 40 கிலோமீட்டர் நீளம், உள்ளே முழுக்க மணல் அடைத்திருக்கிறது. மணலின் ஊடே வரும்போது உராய்வில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனால் தொட்டியின் உயரத்துக்கு நீர் ஏறாது, அதைவிடத் தாழ்வாகவே நிற்கும்.

எவ்வளவு தாழ்வு? ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். நீர் இறங்கும் மேடு கடல் மட்டத்திலிருந்து 90 மீட்டர். உங்கள் நிலம் 40 கிலோமீட்டர் தள்ளி, 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் 40 மீட்டர் போய்விட்டது. மிச்சம் 50 மீட்டர். அதாவது நீங்கள் ஒரு குழாயை இறக்கி நீர்த்தாங்கியைத் தொட்டால், தண்ணீர் கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரம் வரை ஏறும். உங்கள் தரை 30 மீட்டரில்தானே இருக்கிறது? தரைக்கு மேலே இன்னும் 20 மீட்டர் ஏறும் வலு அதற்கு உண்டு. 10 மீட்டர் நீர் உயரம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. ஆகவே கிணற்றுத் தலையில் வால்வை மூடி அழுத்தமானி பொருத்தினால் முள் 2 கிலோவில் நிற்கும்.

பக்கத்து நிலம் 55 மீட்டர் மேட்டில் இருந்தால்? அதே நீர்த்தாங்கி, அதே தண்ணீர். ஆனால் அங்கே அது தரைக்கு 5 மீட்டர் கீழே நின்றுவிடும். பொங்காது. அதுவும் ஆர்ட்டீசியன் கிணறுதான். நீர்த்தாங்கியின் மேல்விளிம்பைத் தாண்டி நீர் ஏறி நின்றாலே அது ஆர்ட்டீசியன். தரைக்கு மேலே வழிந்தால் அது பொங்கும் ஆர்ட்டீசியன், அவ்வளவுதான். 150 மீட்டர் ஆழத்தில் தட்டிய தண்ணீர் 5 மீட்டர் வரை ஏறி நிற்பது சாதாரண விஷயமல்ல. அங்கே மோட்டாரைத் தரையிலிருந்து 15 அல்லது 20 மீட்டரில் தொங்கவிட்டாலே பெரும்பாலும் போதும். 145 மீட்டர் தூக்கும் வேலையை அழுத்தம் செய்துவிட்டது.

நீர் ஏறி நிற்கக்கூடிய இந்த உயரத்தை ஊர் முழுக்கக் குறித்து, ஒரு கற்பனைப் பரப்பாக இணைத்தால் கிடைப்பதே அழுத்தமட்டம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பரப்பு தரைக்கு மேலே இருக்கும் இடங்களில் கிணறு பொங்கும், கீழே இருக்கும் இடங்களில் பொங்காது. ஒரே ஊரில் பள்ளத்துத் தோட்டத்தில் பொங்கி, மேட்டுத் தோட்டத்தில் பொங்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

"இன்னும் நூறு அடி போட்டால் வேகமாக வரும்" என்று சிலர் சொல்வதுண்டு. அதே நீர்த்தாங்கிக்குள் ஆழம் கூட்டுவதால் தரையில் தெரியும் அழுத்தம் கூடாது. கீழே அழுத்தம் அதிகம்தான். ஆனால் அங்கிருந்து தரை வரை நிற்கும் தண்ணீரின் எடையே அதைத் தின்றுவிடுகிறது. ஆழம் கூடும்போது நீர்த்தாங்கியின் கூடுதல் பகுதி திறந்துகொள்வதால் வரத்து கூடலாம். அதற்கும் கீழே இன்னொரு மூடிய அடுக்கு இருந்து, அதற்கு இன்னும் உயரமான மேட்டிலிருந்து நீர் வந்தால் மட்டுமே அழுத்தம் கூடும்.

எங்கெல்லாம் இது உண்டு

கடலூர் மணற்கல் அடுக்கு விருத்தாசலத்தின் மேட்டுப் பக்கத்தில் தரையில் வெளிப்பட்டு, தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. இடையிடையே களிமண். மேலே சொன்ன எல்லா நிபந்தனையும் அங்கே பொருந்துகிறது. புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பொங்கும் கிணறுகள் இறக்கப்பட்டன. இலங்கையில் வடமேற்குக் கரையோரம் முருங்கன், வனாத்தவில்லு பகுதிகளில் சுண்ணாம்புக்கல்லுக்குள் மூடிய நீர் இருக்கிறது.

உலகில் மிகப் பெரியவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் பெரும் ஆர்ட்டீசியன் வடிநிலம். பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், அந்த நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கிழக்கே உள்ள மலைத்தொடரின் ஓரத்தில் மழை இறங்குகிறது. மணற்கல்லுக்குள் ஆண்டுக்கு 1 முதல் 5 மீட்டர் வரை மட்டுமே நகர்ந்து, பாலைநிலம் வரை போகிறது. இந்த வேகத்தில் சில இடங்களில் வெளிவரும் தண்ணீருக்கு பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் வயது. ஆழம் காரணமாகச் சூடும் உண்டு: 30 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை. இந்தச் சூட்டை அழுத்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு 100 மீட்டர் ஆழத்துக்கும் பூமி ஏறத்தாழ 3 டிகிரி சூடேறுகிறது. தண்ணீர் அந்தச் சூட்டை ஏற்றுக்கொண்டு வருகிறது. மேலே தள்ளுவது அது அல்ல.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை. கோவை, சேலம், தருமபுரி, மதுரைப் பக்கமெல்லாம் பாறை வெடிப்பில்தான் தண்ணீர். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அங்கேயும் போர்வெல் தானாக வழிவதைப் பார்க்கலாம். அது ஆர்ட்டீசியனா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, பக்கத்துத் திறந்த கிணற்றை எட்டிப் பார்ப்பது. அந்தக் கிணறும் விளிம்பு தட்டி நின்றால், நிலத்தடி நீர்மட்டமே தரை வரை ஏறிவிட்டது என்று பொருள். அழுத்தம் எதுவும் இல்லை. திறந்த கிணற்றில் நீர் 5 மீட்டர் கீழே கிடக்க, 200 மீட்டர் போர்வெல் வழிகிறது என்றால், அதன் வெடிப்பு எங்கோ மேட்டில் உள்ள ஏரியோடோ மலையடிவாரத்தோடோ தொடர்புள்ளது. மேலே உள்ள இறுகிய பாறையோ களியான மண்ணோ மூடியாக வேலை செய்கிறது. இது பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். வெடிப்புகளில் கொள்ளளவு குறைவு.

இன்னொரு ஏமாற்றம்: பக்கத்து வயலில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓடும்போது உங்கள் போர்வெல்லிலிருந்து பத்தடி உயரம் தண்ணீர் பீறிடும். அது கம்ப்ரசர் காற்று வெடிப்பு வழியாக வந்து தள்ளுவது. ரிக் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அழுத்தம் பெரிது, கையிருப்பு சிறிது

பொங்கும் கிணற்றைப் பார்ப்பவர்களுக்குக் கீழே கடல்போல் தண்ணீர் இருப்பதாகத் தோன்றுகிறது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

மூடியில்லாத நீர்த்தாங்கியில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அந்த 1 மீட்டர் மணலின் துளைகளில் இருந்த தண்ணீர் வடிந்து நமக்குக் கிடைக்கிறது. மணலில் அது கன அளவில் 15 சதவீதம் என்று வைத்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் 1,50,000 கன மீட்டர். மூடிய நீர்த்தாங்கியில் அழுத்தமட்டம் 1 மீட்டர் இறங்கினாலும் துளைகள் காலியாவதில்லை. மணல் இன்னும் முழு நனைவிலேயே இருக்கிறது. தண்ணீர் மிகச் சிறிதளவு விரிவதாலும், மணல் அடுக்கு மிகச் சிறிதளவு நெருங்குவதாலும் பிழிந்து வரும் நீர் மட்டுமே கிடைக்கிறது. இந்த அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால், அதே ஒரு சதுர கிலோமீட்டரில் கிடைப்பது 100 கன மீட்டர். ஒரு பக்கம் ஒன்றரை லட்சம், இன்னொரு பக்கம் நூறு.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். 100 கன மீட்டர் என்பது வினாடிக்கு 2.5 லிட்டர் வரும் ஒரு சாதாரணக் குழாய் அரை நாளில் கொட்டிவிடும் அளவு. ஆகவே ஒரு கிணற்றைத் திறந்து விட்டாலே அழுத்தக் குறைவு கிலோமீட்டர் கணக்கில் பரவுகிறது, அதுவும் விரைவாக. பாரிஸ் நகரில் 1841இல் கிரெனெல் என்ற இடத்தில் 548 மீட்டர் ஆழத்தில் பொங்கும் கிணறு கிடைத்தது. இருபது ஆண்டு கழித்து, 1861இல், சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் பாஸி என்ற இடத்தில் அதே நீர்த்தாங்கியைத் தொட்டார்கள். சீக்கிரமே கிரெனெல் கிணற்றின் வரத்து குறைந்தது. அரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் மணலில் யாரும் எதையும் அடைக்கவில்லை, அழுத்தம் பங்குபோட்டுக்கொள்ளப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் இது கண்டம் அளவில் நடந்தது. 1878இல் முதல் கிணறு. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் இறக்கி, வால்வே இல்லாமல் திறந்த மண் வாய்க்காலில் ஓடவிட்டார்கள். கால்நடை குடித்ததுபோக மிச்சமெல்லாம் ஆவியானது, மண்ணில் ஊறியது. இப்படிப் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வீண். 1915 வாக்கில் நாளொன்றுக்கு சுமார் 200 கோடி லிட்டர் என்ற உச்சம் தொட்ட வரத்து, பிறகு இறங்கத் தொடங்கியது. பொங்கிய கிணறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நின்றேபோயின. பாலையில் இயற்கையாக இருந்த ஊற்றுகள் பலவும், அவற்றில் மட்டுமே வாழ்ந்த சிறு உயிர்களோடு வற்றின. பிறகு அரசே பணம் போட்டுப் பழைய கிணறுகளுக்கு வால்வு பொருத்தி, வாய்க்காலை மூடிவிட்டுக் குழாய் பதித்தது. பல இடங்களில் அழுத்தம் திரும்ப ஏறியது. தண்ணீர் கூடிவிடவில்லை, வீணாய் வழிந்தது நின்றது. இந்தத் துறையில் செய்த வேலைகளில் இதைப்போல் மனநிறைவு தருவது குறைவு.

கிணறு நின்றுபோவது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அழுத்தமட்டம் குழாய் வாய்க்கு மேலே இருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கிணறு வினாடிக்கு 1 லிட்டர் தருகிறது என்று வைப்போம். அழுத்தமட்டம் தரைக்கு மேல் 5 மீட்டர், குழாய் வாய் அரை மீட்டர் உயரத்தில். வரத்து 4.5 லிட்டர். சுற்றிலும் புதுக் கிணறுகள் வந்து அழுத்தமட்டம் 3 மீட்டர் இறங்கினால் 1.5 லிட்டர். அரை மீட்டருக்கு வந்துவிட்டால் சொட்டு வராது. ஆனால் குழாய்க்குள் தண்ணீர் கண்ணெட்டும் தூரத்தில் நிற்கும், நீர்த்தாங்கியும் நிறைந்தே இருக்கும். போனது தண்ணீர் அல்ல, அதை இலவசமாக ஏற்றிவந்த அழுத்தம். இனி ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் செலவாகும்.

கடலோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நன்னீரின் அழுத்தம்தான் கடல்நீரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அது இறங்கினால் உப்பு உள்ளே நகரும். களிமண் அடுக்குகள் அழுத்தம் இழந்து இறுகினால் தரையும் அமிழும். வெனிஸ் நகரம் 1950களிலும் 60களிலும் வேகமாக அமிழ்ந்ததற்கு அருகிலிருந்த தொழிற்சாலைகள் ஆர்ட்டீசியன் நீரை இறைத்தது முக்கியக் காரணம். 1970களில் இறைப்பைக் குறைத்த பின் அமிழ்வு அடங்கியது. அமிழ்ந்த தரை பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. களிமண் ஒருமுறை இறுகினால் முழுதாக விரியாது.

நெய்வேலிக் கணக்கு

சுரங்கத்துக்கு ஏன் இவ்வளவு இறைக்க வேண்டும் என்பதை எண்களில் பார்க்கலாம். நிலக்கரிக்கு மேலே 70 மீட்டர் மண்ணும் மணற்கல்லும் இருக்கிறது என்று வைப்போம். மண்ணின் எடை தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு. அது கீழ்நோக்கிக் கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 14 கிலோ. நிலக்கரி 15 மீட்டர் தடிமன். தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம், ஆகவே சுமார் 1.7 கிலோ. மொத்தம் 15.7. கீழிருந்து தண்ணீர் 7 கிலோ தள்ளினாலும் அசையாது.

இப்போது மேல்மண் 70 மீட்டரையும் இயந்திரங்கள் அள்ளிவிட்டன. மிஞ்சியது நிலக்கரியின் 1.7 கிலோ. எதிரே 7. வித்தியாசம் 5.3 கிலோ. ஒரு சதுர மீட்டர் தரையைக் கீழிருந்து 53 டன் தூக்குகிறது என்று பொருள். நிலக்கரி வளைந்து, வெடிப்பு விட்டு, தண்ணீர் உள்ளே பாயும். இதைத் தடுக்கச் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகளை வரிசையாக இறக்கி, வெட்டும் இடத்தில் அழுத்தமட்டத்தை நிலக்கரியின் அடிமட்டம் வரை இறக்குகிறார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் மட்டத்தை இடைவிடாமல் அளக்கிறார்கள். சுரங்கம் நகர நகரக் கிணறுகளும் நகர்கின்றன. இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் குடிநீருக்கும் போகிறது.

மேலே சொன்ன ஒன்றரை லட்சத்துக்கு நூறு கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். சுரங்கத்தில் இறக்கிய அழுத்தம் சுரங்க வேலியோடு நிற்காது. ஒருகாலத்தில் தானாகப் பொங்கிய பகுதியில் இன்று ஆழத்தில் நீர்மூழ்கி மோட்டார் இறக்க வேண்டியிருக்கிறது. அதன் செலவை விவசாயி சுமக்கிறார். நிலக்கரியின் விலையில் அந்தச் செலவு சேர்வதில்லை என்பது சரியான ஏற்பாடு அல்ல.

கிணறு இறக்கும்போது

அழுத்த நீர் இருக்கும் பகுதியில் காற்று அடித்துத் துளையிடும் ரிக் ஒத்துவராது. அது கடினப்பாறைக்கு உரியது. மணலும் களியும் மாறிமாறி வரும் நிலத்தில் சேறு சுழற்றும் ரோட்டரி ரிக்தான் வேண்டும். துளைக்குள் நிறைந்திருக்கும் பெண்டோனைட் (ஒருவகைக் களிமண்) சேற்றின் எடைதான் பொங்கும் நீரை அடக்கிவைக்கிறது. கணக்கு எளிது. நீர்த்தாங்கியின் மேல்விளிம்பு 60 மீட்டர் ஆழத்தில், அழுத்தமட்டம் தரைக்கு மேல் 6 மீட்டர் என்றால், கீழே உள்ள அழுத்தம் 66 மீட்டர் நீருக்குச் சமம். சேறு நிற்பது 60 மீட்டர்தான். ஆகவே சேறு தண்ணீரைவிட 66/60, அதாவது 1.10 மடங்கு கனமாக இருந்தால் சமநிலை. பாதுகாப்புக்கு 1.15 வைப்பது நல்லது. வெறும் பெண்டோனைட்டை இந்த எடைக்குக் கொண்டுபோனால் கூழாகிப் பம்பு இழுக்காது. பேரைட்டு என்ற கனமான கனிமத்தின் தூளைச் சேர்க்க வேண்டும். ஆந்திராவின் மங்கம்பேட்டையில் வெட்டியெடுக்கும் அதே கனிமம். 1.05 எடையுள்ள ஒரு கன மீட்டர் சேற்றை 1.15 ஆக்கச் சுமார் 140 கிலோ பேரைட்டு தேவை.

அதைவிட முக்கியமானது வரிசை. நீர்த்தாங்கியைத் துளைத்துவிட்டு, துளைச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாயைப் பிறகு இறக்கலாம் என்று நினைப்பதுதான் விபத்துக்கு முதல் காரணம். முதலில் பெரிய துளையைக் களிமண் மூடிக்குள் சில மீட்டர் வரை மட்டும் போட்டு நிறுத்த வேண்டும். கேசிங் குழாயை இறக்கி, துளைச் சுவருக்கும் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியைச் சிமெண்ட் பாலால் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்றும் சேறும் சிக்கி, பிறகு அதுவே தண்ணீருக்கு வழியாகும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் அளவாக இருக்கும். 300 மில்லிமீட்டர் துளையில் 219 மில்லிமீட்டர் வெளிவிட்டக் குழாயை 30 மீட்டர் இறக்கினால் இடைவெளி சுமார் 1 கன மீட்டர். கணக்குப்படி 24 மூட்டை. சுவர் அரித்துப்போன இடங்களும் இருக்கும் என்பதால் 30 மூட்டை தயாராக வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இறுகவிட்டு, குழாய்த் தலையில் முழுத்துளைக் கேட் வால்வைப் (திறந்தால் குழாயின் முழு அகலமும் வழிவிடுவது) பொருத்திய பிறகே, அந்தக் குழாய்க்குள் சிறிய துளைக்கருவியை விட்டு நீர்த்தாங்கியைத் தொட வேண்டும். ரிக்காரர் இரண்டு நாள் சும்மா நிற்கக் காசு கேட்பார். கொடுத்துவிடுவதே மேல்.

மூடிய நீர் அடங்காமல் பீறிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 டிசம்பரில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டம் மோகன்கட் பகுதியில் நடந்தது உதாரணம். விவசாய நிலத்தில் சுமார் 850 அடி ஆழத்தில் ரிக் மூடிய நீரைத் தொட்டது. தண்ணீரும் வாயுவும் சேர்ந்து பீறிட்டன, சுற்றியிருந்த மண் கரைந்தது, ரிக் வண்டியோடு குழிக்குள் இறங்கிவிட்டது. வறண்ட மண்ணில் அவ்வளவு நீரைப் பார்த்தவர்கள் மறைந்த சரஸ்வதி நதி என்றார்கள். அங்கே இருந்தது களிமண்ணுக்கு அடியில் மூடிக்கிடந்த நீர். சில நாளில் தானே அடங்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் துளைவாயில் மண்ணும் கல்லும் கொட்டி அடைக்க முயல்வது வீண் வேலை, ஆபத்தும்கூட. நீர் பக்கவாட்டில் வழி தேடி இன்னும் அகலமாக அரிக்கும். ஆட்களையும் வண்டியையும் தள்ளி நிறுத்திவிட்டு, நீரை ஒரு பக்கம் வழிந்தோட விட்டு, கனமான சேற்றையும் சிமெண்ட்டையும் குழாய் வழியே அடியில் செலுத்துவதே முறை.

அளப்பதும் பார்த்துக்கொள்வதும்

அழுத்தம் குறைவாக இருந்தால் அளக்க அழுத்தமானிகூட வேண்டாம். கிணற்றுத் தலையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஹோஸைப் பொருத்தி, வழிவது நிற்கும்வரை மேலே தூக்குங்கள். உள்ளே நீர் நிற்கும் உயரமே அழுத்தமட்டம். 4 மீட்டருக்கு மேல் போனால் அழுத்தமானி வைக்கலாம். பவுண்டில் காட்டும் மானி என்றால் 1 பவுண்டுக்கு 70 சென்டிமீட்டர். எதில் அளந்தாலும் வால்வை மூடியவுடன் படிக்கக்கூடாது. முள் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருந்த கிணறு முழு அழுத்தத்துக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். மறுநாள் காலையில் படிப்பதே நம்பகம். வரத்தை அளக்க வாளியும் கைக்கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளி 8 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 2.5 லிட்டர், நாளுக்கு 2,16,000 லிட்டர். மூடாமல் விட்டால் நாள்தோறும் போவது அவ்வளவு. ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் மழை முடிந்து ஒன்றும், இந்த இரண்டு எண்களையும் குறித்துவைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சுற்றுவட்டாரத்திலேயே அழுத்தம் இறங்குகிறது. மூடிய அழுத்தம் அப்படியே இருந்து வரத்து மட்டும் குறைந்தால், நீர்த்தாங்கிக்குள் மணலைத் தடுத்து நீரை மட்டும் உள்ளே விடும் சல்லடைக் குழாய் அடைபட்டிருக்கிறது. வரத்து மட்டுமே பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

வால்வை எப்போதும் மெதுவாகத் திறந்து மெதுவாக மூட வேண்டும். சட்டென்று திறந்தால் வேகத்தில் மணல் கிளம்பிச் சல்லடையை அரிக்கும். சட்டென்று மூடினால் குழாய் அதிர்ந்து இணைப்பு விடும். ஆழ்நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இரும்பு கரைந்தே இருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் செம்மஞ்சளாகப் படியும். முதலில் கண்ணாடிபோல் வந்த நீர் அரை மணியில் நிறம் மாறுவது இதனால்தான். அழுகிய முட்டை வாசம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. திறந்த தொட்டியில் தூவலாக விழவிட்டால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் மூடிய அறைக்குள் அந்தக் கிணற்றுத் தலையை வைக்கக்கூடாது.

துருப்பிடித்த பழைய கேசிங் கண்ணுக்குத் தெரியாத இழப்பு. ஆழத்தில் ஓட்டை விழுந்தால் அழுத்த நீர் மேலே உள்ள வறண்ட மணலுக்குள் இரவு பகலாகக் கசியும். தரையில் ஒரு சொட்டும் தெரியாது. அப்படிப்பட்ட கிணற்றில் வால்வை முழுக்க மூடினால் குழாயைச் சுற்றித் தரை ஈரமாகும், பிறகு குமிழும். அதைக் கண்டால் உடனே வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டு, புதுக் குழாயை உள்ளே இறக்கிச் சிமெண்ட் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கிணற்றை நிரந்தரமாக அடைக்க வேண்டும்: கனமான சேறு செலுத்தி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அடிவரை குழாய் விட்டு, அங்கிருந்து மேல்நோக்கிச் சிமெண்ட் நிரப்ப வேண்டும். மேலே மட்டும் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பது உள்ளே நடக்கும் கசிவை நிறுத்தாது.

வீட்டு மழைநீர்க் குழியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. களிமண் மூடிக்கு மேலே உள்ள வீட்டில் வெட்டும் குழி மேல் நீர்த்தாங்கியை நிரப்பும். அது நல்லதே, திறந்த கிணறுகளுக்கு உயிர். ஆனால் 150 மீட்டர் கீழே உள்ள மூடிய நீருக்கு அதனால் பெரிதாக எதுவும் போய்ச் சேராது. அதற்கான வாசல் மேட்டு நிலத்தில், மணற்கல் தரையில் வெளிப்படும் இடத்தில் இருக்கிறது. அங்கே உள்ள ஏரிகள் தூர்ந்தாலும், தரிசு நிலத்தில் கட்டடமும் கழிவும் வந்தாலும், பாதிப்பு கடலோரக் கிணற்றில் தெரியும். அழுத்தக் குறைவு ஓரளவு விரைவில் தெரியும். அங்கே இறங்கிய அழுக்கு வந்து சேரத் தலைமுறைகள் ஆகலாம், வந்த பிறகு அதை வெளியேற்றவும் அதே காலம் ஆகும். போர்வெல் வழியாகவே கூரை நீரை நேரடியாக ஆழத்துக்கு விடும் யோசனையை வடிகட்டியும் நீர்ப் பரிசோதனையும் இல்லாமல் செய்யவே கூடாது. மூடிய நீருக்குள் ஒருமுறை கிருமியோ பூச்சிமருந்தோ இறங்கிவிட்டால், காற்றும் வெயிலும் படாத அந்த இடத்தில் அதைக் கழுவ வழி மிகக் குறைவு.